இடப்பக்கம் ஒரு கை

1

இந்தக் கதையை நான் எழுதக் காரணம், எனக்குப் புகைப்படம் எடுக்க வராது என்பதுதான். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. ஏனாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ‘ஒளியும் அமைப்பும்: ஒரே ஞாயிற்றுக்கிழமையில்’ என்று ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. போய் உட்கார்ந்தேன். காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார் சாதம், நடுவில் ஏழு விதிகள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் மனைவியை ஜன்னலோரம் நிறுத்தி, ஏழு விதிகளையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்து ஒரு படம் எடுத்தேன். வாங்கிப் பார்த்தவள், “யாருங்க இது?” என்று கேட்டாள்.

அத்தோடு கேமராவை அலமாரியில் வைத்தாயிற்று. ஆனால் வகுப்புக்குப் போனது வீணாகக் கூடாதே. வகுப்பெடுத்தவர் பெயர் பிரவீனா, வாலாஜாபாத்துக்காரர், கல்யாணம், காதுகுத்து, பட்டுப்புடவை மூன்றையும் படமெடுத்துப் பிழைப்பவர். தேநீர் இடைவேளையில் யாரோ ஒருவர், “மேடம், நீங்க எடுத்ததுலயே பெஸ்ட் போட்டோ எது?” என்று கேட்டார். பிரவீனா ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார். காட்டவில்லை. அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். பார்க்காத படம் என்பதால் வசதியாக எழுதலாம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘பிள்ளையார்பாளையத்தின் அந்தப் பழைய வீட்டில், கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து ஒளிக்கற்றை ஒன்று சாய்வாக இறங்கியது. தறிக்குழியில் அமர்ந்திருந்த முதியவரின் முகச் சுருக்கங்களில் தலைமுறைகளின் கதை எழுதியிருந்தது. அவர் நாடாவை எறிந்தார். இடப்பக்கமிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. காலம் உறைந்து’

போதும். காலம் உறைந்தது உறைந்தபடியே கிடக்கட்டும், நாம் நகர்வோம். இந்த மாதிரி ஆரம்பத்தை நானே பதினேழு தடவை எழுதியிருக்கிறேன். பதினேழாவதை ஒரு பத்திரிகைக்காரர், “சார், சுருக்கத்தைக் கொஞ்சம் குறைங்க” என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். இந்தப் பத்தியில் என்னென்ன தப்பு என்று கேட்டால் பெரியவரிடமிருந்தே தொடங்கலாம். அவர் நெசவாளரே இல்லை.

2

கலியாணசுந்தரம் பட்டுக்கடை வைத்திருக்கிறார். எந்தத் தெருவில் என்று சொல்லமாட்டேன். என் மகள் கல்யாணத்துக்கு அங்கேதான் புடவை எடுத்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபதடி விளம்பரப் பலகை ஒன்றைப் பிடித்திருந்தார். வாசகத்தையும் அவரே எழுதிவிட்டார்: ‘கைகள் பேசும் பட்டு’. படம் மட்டும்தான் பாக்கி. அதற்காகப் பிரவீனாவை அழைத்துக்கொண்டு, தன் கடைக்கு நெய்யும் உமாபதியின் வீட்டுக்குக் காலை ஒன்பதரைக்கு வந்து இறங்கினார்.

(வகுப்பில் ‘அவர்’ என்றேன்; இனிமேல் பிரவீனா ‘அவள்’. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கதைக்குள் கால் வைத்தவர்களை நாங்கள் இப்படித்தான் நடத்துவோம்.)

உமாபதிக்கு முப்பத்தெட்டு வயது. மஞ்சள் கிரிக்கெட் டி-ஷர்ட் போட்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு, தறிக்கட்டையில் சாய்த்து வைத்த செல்போனில் மேட்ச் பார்த்தபடி நெய்துகொண்டிருந்தான். கை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா இது, டி-ஷர்ட்டு போட்டுக்கினு உக்காந்திருக்கான்? பட்டு நெய்யறவன் மாரியா இருக்குது?”

“சார், அவருதான் சார் நெய்யறாரு,” என்றாள் பிரவீனா.

“நெய்யட்டும்மா. யாரு வேணாம்னா? போட்டோவுல எதுக்கு? நமக்கு ஒரு ஃபீல் வேணும்.”

ஃபீல் வாசலில் ஆட்டோவில் தயாராக உட்கார்ந்திருந்தது. பெயர் ராமராஜன். எழுபத்தோரு வயது, நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, கேட்ட இடத்திலெல்லாம் சுருக்கம். ரிட்டையரான பஸ் கண்டக்டர். முப்பத்துமூன்று வருஷ சர்வீசில் அவர் கைக்கு வந்த ஒரே நெசவு, தோளில் மாட்டிய டிக்கெட் பைதான்.

[இந்த ராமராஜனை எனக்கே நம்ப முடியவில்லை. பிரவீனாவுக்குப் போன் போட்டு, நிஜமாகவே கண்டக்டர்தானா என்று கேட்டேன். “கண்டக்டரா செக்கிங்கான்னு ஞாபகம் இல்ல சார். கதைதான எழுதறீங்க, இன்னாத்துக்கு இவ்ளோ விசாரணை?” என்றாள். கண்டக்டர் என்றே வைத்துக்கொண்டேன். செக்கிங் என்றால் அவர் மேல் யாருக்கும் இரக்கம் வராது.]

3

உமாபதியின் மனைவி துர்காதேவியை முதல் மூன்று பிரதிகளில் காபி கொண்டுவர வைத்திருந்தேன். அறிமுகத்துக்குச் சௌகரியமாக இருந்தது. நிஜத்தில் அன்று காபியைத் தெருமுனைக் கடையிலிருந்து உமாபதிதான் வாங்கிவந்தான். துர்காதேவி தறியில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தறியின் இடப்பக்கத்தில் அவள் பதினோரு வருஷமாக உட்காருகிறாள்.*

* கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் இருப்பவர் காலால் மிதித்து, நாடா (குறுக்கு இழையைச் சுமந்து ஓடும் கட்டை) எறிந்து, பலகையை இழுத்து அடிப்பார். இடப்பக்கம் இருப்பவர் அந்த ஓரத்துக் கரைக்கான நாடாவைப் போடுவார். இரண்டு பேர் இல்லாமல் கோர்வை கிடையாது. வலப்பக்கம் இருப்பவரை நெசவாளி என்பார்கள். இடப்பக்கம் இருப்பவரைத் துணையாள் என்பார்கள், அதுவும் ஞாபகம் வந்தால். அடிக்குறிப்பு படிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். வழக்கமாக எல்லாரும் தாண்டித்தான் போகிறார்கள்.

கலியாணசுந்தரம் பெரியவரின் நெற்றியில் விபூதிப் பட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது, துர்காதேவி, முன்பே பழக்கமான பிரவீனாவின் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு இழுத்துப்போனாள். அங்கே தரையில் புதிதாக ஒரு தறிக்குழி வெட்டியிருந்தது. குழி நிறைய வெங்காயம்.

“பிரவீனா, இவங்க ஆட்டம் முடிஞ்சதும் எனக்கு ஒரு போட்டோ எடுத்துக் குடும்மா. முதலாளி காதுல வுழவேணாம்.”

“எதுக்குக்கா?”

இடுப்பில் செருகியிருந்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். நெசவாளர் சங்கம் ஒன்றில் உறுப்பினராவதற்கான விண்ணப்பம். (பெயர் வேண்டாம். அது என் கற்பனையில் இருக்கிற சங்கம்; அங்கேயும் ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.) உறுப்பினரானால் அவள் பெயரில் ஒரு தறி கிடைக்கும். விண்ணப்பதாரர் தறியில் தனியாக அமர்ந்து நெய்யும் படம் ஒன்றை இணைக்க வேண்டும். உமாபதி செல்போனில் எடுத்த படத்தை ஒட்டிக்கொண்டு போன வாரம் போயிருக்கிறாள். ஜன்னலில் இருந்த குமாஸ்தா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மூஞ்சி கருப்பா இருக்குதாம். அதுவும் இல்லாம இடப்பக்கம் உக்காந்தா அது நெசவுல சேராதாம். நெசவாளி எடத்துல, தனியா, பளிச்சுன்னு உக்காந்து எடுத்துக்கினு வாங்கன்னுட்டாரு. இன்னிக்கி அஞ்சு மணியோட முடியுது. அடுத்த வாட்டி எப்பன்னு சாமிக்குத்தான் தெரியும்.”

“வலப்பக்கம் உக்காந்து நெய்வீங்களாக்கா?”

துர்காதேவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அவரு மஞ்சகாமாலை வந்து மூணு மாசம் படுத்துக்கினு இருந்தாரே, அப்ப பொடவைய பேயா வந்து நெய்ஞ்சிது? பக்கத்து வூட்டு பொன்னி எடப்பக்கம், நான் வலப்பக்கம். ரெண்டு மூர்த்தப் பொடவ அறுத்துக் குடுத்தோம். கடையில யாரும் ஒரு கொற சொல்லல. குழி வெட்டி ஆறு மாசம் ஆவுது பிரவீனா. நானும் பாத்துக்கினே இருக்கேன். வெங்காயம்தான் உக்காந்துக்கினு இருக்குது.”

“பன்னண்டுக்குள்ள இவங்கள முடிச்சு அனுப்பிடறேன்க்கா. கவலைப்படாதீங்க,” என்றாள் பிரவீனா. கதைகளில் இப்படி யாராவது சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

4

வகுப்பில் சொன்ன விதி இரண்டு: ஒளிக்காகக் காத்திரு.

காத்திருந்தார்கள். கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் பத்தே முக்காலுக்குத்தான் தறி மேல் விழும். விழுந்தது. ஆனால் கற்றையாகத் தெரியவில்லை. தரையில் ஒரு வெள்ளைக் கட்டமாகத்தான் தெரிந்தது. நடுவில் தூசியோ புகையோ இருந்தால்தான் ஒளிக்கு உருவம் வரும். என் பதினேழு கதைகளிலும் யார் புகை போட்டார்கள் என்பதை நான் யோசித்ததே இல்லை.

“சாம்பிராணி!” என்றார் கலியாணசுந்தரம். அவருக்கு எப்போதாவது யோசனை வரும். வந்தால் உடனே செய்தாக வேண்டும்.

“ஐயோ, வேணாங்க, பட்டுல பொக ஏறிச்சின்னா வாசனை போவவே போவாது,” என்று துர்காதேவி கத்தினாள். அதற்குள் தூபக்கால் வந்துவிட்டது.

பெரியவரைத் தறிக்குழியில் இறக்கி உட்கார வைத்தார்கள். சும்மா உட்கார்ந்தால் பொம்மை மாதிரி இருக்கிறதே, கொஞ்சம் நெய்கிற மாதிரி செய்யட்டும் என்றார் முதலாளி. அப்படியானால் இடப்பக்கமும் ஆள் வேண்டும் என்றான் உமாபதி. துர்காதேவி போய் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிரவீனா தறிக்கு எதிரே, பாவு (நெடுக்கு நூல்) நீண்டு கிடந்த பக்கத்தில், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளும் கோடுகோடாக ஓடிப்போய் நெய்பவரின் நெஞ்சில் முடியும். பார்வையை எங்கே கொண்டுபோக வேண்டுமோ அங்கே கோடுகளை ஓடவிடு என்பது விதி நான்கு. அத்தனை கோடுகளும் ஓடிப்போய் ஒரு கண்டக்டரிடம் முடிந்தன.

“இத மிதிங்க ஐயா. இப்ப நாடாவ வுடுங்க. அது அந்தப் பக்கம் போனப்புறம் பலகைய அடிங்க,” என்று சொல்லிக்கொடுத்தான் உமாபதி.

“அவ்ளோதான? போலாம் ரைட்!” என்றார் ராமராஜன்.

இரண்டு முறை சரியாகவே வந்தது. பிரவீனா தட்டிக்கொண்டே இருந்தாள். சாம்பிராணியில் ஒளிக்கற்றை எழுந்து நின்றது. தாடி ஜொலித்தது. துர்காதேவியின் கை ஓரத்திலிருந்து நீண்டு நாடாவை வாங்கியது. “அப்டியே! அப்டியே!” என்று கலியாணசுந்தரம் குதித்தார். மூன்றாவது முறை நாடா பாதி வழியில் இருக்கும்போது பெரியவருக்குப் புகை தொண்டையில் ஏறியது. இருமினார். இருமினதில் கால் மிதியை விட்டுவிட்டது. திறந்திருந்த பாவு நாடாவின் மேல் மூடிக்கொண்டது. இருமலுக்கு நடுவிலும் மனுஷர் கடமை தவறவில்லை. அடிக்கச் சொன்னார்களே என்று பலகையை இழுத்து ஓங்கி அடித்தார்.

படபடவென்று இழைகள் அறுந்தன.

உமாபதி காதிலிருந்து வயரைப் பிடுங்கினான். துர்காதேவி குனிந்து பார்த்துவிட்டு, “அறுவது இருக்கும்,” என்றாள். ஒவ்வொரு இழையாக எடுத்து, துண்டு நூல் சேர்த்து முடிந்து, கோர்க்கிற இடமெல்லாம் திரும்பக் கோர்த்தால்தான் அந்தத் தறியில் அடுத்த ஓட்டம் ஓட முடியும். அதுவரைக்கும் அதில் யாரும் நெய்ய முடியாது. அவளும்தான்.

“படம் வந்திடுச்சாம்மா?” என்று கேட்டார் கலியாணசுந்தரம்.

“வந்திடுச்சு சார்.”

“அப்ப சரி. உமாபதி, அத பாத்து முடிஞ்சுக்க. மத்தியானத்துக்குள்ள ஒரு நல்ல படமா அனுப்பிடும்மா, பிரின்ட்டுக்குப் போவணும்.” ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அவசரத்தில் ஃபீலை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ராமராஜன் விபூதிப் பட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து, “தெரியாம பண்ட்டேம்மா, தெரியாம பண்ட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

5

இந்தப் பகுதியை எழுதப் பிடிக்கவில்லை. பிரவீனாவும் வகுப்பில் இதைச் சொல்லும்போது தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

துர்காதேவி தறியில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தாள். உமாபதி எதிர்ப்பக்கத்திலிருந்து அறுந்த முனைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிரவீனா சுவரோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, இருந்ததில் நல்ல படத்தைக் கலியாணசுந்தரத்துக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“சூப்பரும்மா! கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா அந்த ஓரத்துல ஒரு கை தெரியுதே, அது இன்னாத்துக்கு? கவனம் செதறுது. எடுத்துடு.”

விதி ஒன்று: படத்துக்குத் தேவையில்லாததை அப்புறப்படுத்து. பிரவீனா அந்தக் கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஒரு அழுத்து. கை போய்விட்டது. கை இருந்த இடத்தில் இருட்டு அழகாக நிரம்பிக்கொண்டது.

“அது என் கை,” என்றாள் துர்காதேவி. எப்போது எழுந்து பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

“ஆமாக்கா.”

“நல்லா சுத்தமா பூடிச்சி.”

திரும்பிப் போய் இழை முடிய உட்கார்ந்துவிட்டாள். பிரவீனாவுக்கு வெட்கமாகப் போயிற்று. கல்யாண வீடுகளில் எத்தனை பேரை இப்படி எடுத்திருப்பாள்: மேடையோரம் மூக்குறிஞ்சும் மாமா, மாலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வேலைக்காரம்மா, ஒதுங்கி நின்ற தன் சொந்த சாதிக்காரர்கள். எந்த முகமும் பின்னால் வந்து நின்று அது நான் என்று சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை என்றாள்.

விளம்பரப் பலகை இன்றைக்கும் இருக்கிறது. ‘கைகள் பேசும் பட்டு.’ கோயில் பார்க்க வருகிறவர்கள் தாடியோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

6

இழை முடிந்து தீரும்போது மணி இரண்டே கால். கண்ணாடி ஓட்டு வெயில் தறியை விட்டு நகர்ந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஏறியிருந்தது.

“வெளிச்சம் பூடிச்சே,” என்றாள் துர்காதேவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அது போனதே நல்லதுக்கா. மேலேர்ந்து வர்ற வெயில் சாமி படத்துக்குத்தான் லாயக்கு. மனுஷங்க மேல விழுந்தா கண்ணு ரெண்டும் பொந்து மாரி ஆயிடும்.” பிரவீனாவுக்கு இப்போதுதான் வேலையில் மனம் வந்தது. எழுந்து போய் தெருக்கதவை இரண்டு பக்கமும் மலர்த்தித் திறந்தாள். எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் அடித்த வெயில் திரும்பி, வீட்டுக்குள் மெதுவாக வந்து பரவியது. தறியின் வலப்பக்கம் முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கம் மட்டும் இருட்டு. பதினோரு வருஷமாக இருந்த அதே இருட்டு.

“வெள்ளையா பெரிசா எதுனா இருக்குதாக்கா?”

புடவைப் பெட்டிகள் இருந்தன. இரண்டு பெட்டி மூடிகளை எடுத்து, வெள்ளைப் பக்கம் உள்ளே பார்க்கிறாற்போல ராமராஜன் கையில் கொடுத்து இருட்டுப் பக்கம் நிறுத்தினாள். வாசல் வெளிச்சம் மூடியில் பட்டுத் திரும்பியது. “ஸ்டாப்பிங் வர்ற வரிக்கும் இப்டியே நிக்கறேன்மா,” என்றார் அவர். அன்று அந்த வீட்டில் உருப்படியாக அவர் செய்த முதல் காரியம் அது.

துர்காதேவி முகம் கழுவி, மாம்பழ நிறப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, வலப்பக்கம் குழியில் இறங்கி உட்கார்ந்தாள். மிதியில் கால் வைத்தாள். நாடாவை எடுத்தாள். இடப்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை.

எல்லாரும் உமாபதியைப் பார்த்தார்கள்.

“நானா? அந்தப் பக்கமா?”

“பொன்னி வாலாஜாபாத் போயிருக்குதே. வேற யாரு இருக்காங்க?” என்றாள் துர்காதேவி.

“சும்மா நாடாவ கையில புடிச்சிக்கினு போஸ் குடு, போதும்,” என்றான் உமாபதி.

“பெரியவரும் அப்டித்தான் உக்காந்தாரு.”

உமாபதி கதவைக் காட்டினான். “அத்த சாத்திக்கினு எடும்மா பிரவீனா. தெருவுல போறவன் வர்றவன் பாக்கறான்.”

“சாத்தினா இருட்டுண்ணா. படமே வராது.”

அவன் தலையைச் சொறிந்தான். தெருவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய், தறியின் இடப்பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்த உடனே எதிர்வீட்டுக் குமரகுரு வாசலில் வந்து நின்றான். இந்த மாதிரி விஷயத்துக்கு அவனுக்கு யாரும் தந்தி அடிக்கத் தேவையில்லை.

“இன்னா உமாபதி, எடம் மாறி உக்காந்திருக்கே?”

“போட்டோவுக்குபா. போட்டோவுக்கு.”

“ஓ, போட்டோவுக்கா,” என்றான் குமரகுரு. போகவில்லை.

[இங்கே உமாபதியைக் கெட்டவனாக்கிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வாசகர்களுக்கு ஒரு வில்லன் இருந்தால் நிம்மதி. ஆனால் காலையில் காபி வாங்கிவந்தவன், அறுபது இழைக்கும் முனை எடுத்துக் கொடுத்தவன், குழி வெட்டியவனும் அவன்தான். அவனுக்கு அந்தப் பக்கம் உட்காரக் கூச்சம், அவ்வளவுதான். அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எழுதத் தொடங்கினால் இது கட்டுரையாகி]

துர்காதேவி மிதித்தாள். நாடா போயிற்று. உமாபதியின் கை வரவில்லை.

“போடுங்க.”

போட்டான். அதற்குள் அவள் கால் அடுத்த மிதிக்குப் போய்விட்டது.

“லேட்டு.”

“இன்னா இவ்ளோ வேகமா மிதிக்கறே?”

“எப்பவும் நீங்க மிதிக்கற வேகம்தாங்க.”

குமரகுரு சிரித்தான். ராமராஜனும் சிரித்ததில் பெட்டி மூடிகள் ஆடின. “சிரிக்காதீங்க ஐயா, வெளிச்சம் ஆடுது,” என்று பாவுக்கு அடியிலிருந்து பிரவீனா கத்தினாள். பத்தாவது ஓட்டம் வரைக்கும் உமாபதியின் கை தாமதமாகவே வந்தது. அவன் நெற்றி வேர்த்தது. எதிரே நடக்கிற எதையும் பார்க்காமல், அவள் தோளை மட்டும் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் கை சரியான நேரத்துக்கு வந்தது. இருபத்து மூன்றாவது படத்தில் எல்லாம் கூடிவந்தது.

7

நான் பார்க்காத அந்தப் படம் இதுதான்.

சட்டத்தின் நடுவில் இல்லாமல், மூன்றில் ஒரு பங்கு தள்ளி துர்காதேவி இருக்கிறாள். பாவின் இழைகள் அத்தனையும் அவளிடம் போய்ச் சேருகின்றன. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு கன்னம் தெளிவு, மறு கன்னம் பெட்டி மூடியின் தயவில் மங்கலாக. அவள் கேமராவைப் பார்க்கவில்லை, நாடாவைப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை. வேலை செய்கிறவளின் முகம். எதிரேயிருந்து எடுத்ததால் தறியின் இடப்பக்கம் படத்தில் வலது ஓரமாக வந்திருக்கிறது. அந்த ஓரத்தில் ஒரு கை. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, மஞ்சள் டி-ஷர்ட்டின் நுனி, விரல்களுக்கிடையில் கரை நாடா.

பிரவீனா கையை வெட்டிப் பார்த்தாள். கையோடு சேர்ந்து புடவையின் கரையும் போயிற்று, துர்காதேவியின் முழங்கையும் போயிற்று. அழிப்பது சுலபம், காலையில் செய்ததுதான். மணி மூன்றரை தாண்டியிருந்தது. விண்ணப்பத்தில் ‘தனியாக’ என்று போட்டிருந்தது.

“அழிச்சிடும்மா என் கைய,” என்றான் உமாபதி.

[மனைவிக்குத் தறி கிடைக்க வேண்டும் என்று சொன்னான் என்கிறாள் பிரவீனா. இடப்பக்கம் உட்கார்ந்தது சங்கத்தில் தெரியக் கூடாது என்று சொன்னான் என்று நான் எழுதியிருந்தேன். இரண்டும் இருக்கலாம்.]

பிரவீனா வட்டம் போட்டுவிட்டு, துர்காதேவியைப் பார்த்தாள்.

“வேணாம். இருக்கட்டும்,” என்றாள் துர்காதேவி.

“அக்கா, தனியான்னு போட்டிருக்குது. தள்ளிடப் போறாங்க.”

“காலையில என் கைய அழிச்சே. இவர் கையும் அதே மாரி பூடும், எனக்குத் தெரியும். அப்புறம் அந்தப் படத்துல நான் ஒத்த ஆளா கோர்வை போட்டுக்கினு இருப்பேன். தறி தெரிஞ்சவன் எவனாவது பாத்தான்னா சிரிப்பான். பொய்ய ஒட்டிக்கினு போயி தறி கேக்க சொல்றியா?”

“யார் கைன்னு கேட்டா இன்னா சொல்லுவே?” என்றான் உமாபதி.

“கேக்கட்டும். பதினோரு வருசமா எடப்பக்கம் யாரு கைன்னு என்ன ஒருத்தனும் கேக்கல. இப்ப உங்க கைய மட்டும் கேட்டாங்கன்னா, ஏன்னு நான் திருப்பிக் கேக்கறேன்.”

உமாபதி போய் வண்டிச் சாவியை எடுத்துவந்தான். பிரவீனா வட்டத்தை நீக்கிவிட்டு, படத்தை அப்படியே பிரின்ட் போட எழுந்தாள்.

8

இப்போது முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

(அ) குமாஸ்தா படத்தைப் பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவருடைய அம்மாவும் இடப்பக்கம் உட்கார்ந்தவர்தான் என்பது அவருக்கு அந்தக் கணத்தில் ஞாபகம் வருகிறது. முத்திரை குத்துகிறார். வெங்காயம் குழியிலிருந்து வெளியேறுகிறது. இதை எழுதிவிட்டு நானே அழுதேன். அதனால்தான் சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.

(ஆ) குமாஸ்தா படத்தைப் பார்க்கிறார். ‘தனியாக’ என்ற சொல்லின் மேல் பேனாவைத் தட்டுகிறார். ஜன்னல் மூடுகிறது. துர்காதேவி திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பலகையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் அண்ணாந்து பார்க்க, தாடியின் மேல் மஞ்சள் வெயில். இது பரிசு வாங்கும். முன்னாலும் வாங்கியிருக்கிறது.

என்ன நடந்தது என்று பிரவீனாவிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். அவள் பதில் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. படம் எடுக்கத்தான் வராது, கதையையாவது எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியும். ஆகவே நீங்கள் கொஞ்சம் உள்ளே வாருங்கள். அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். மணி நாலு ஐம்பத்திரண்டு. வெளியே துர்காதேவி நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கொண்டு உமாபதி. விண்ணப்பத்தையும் படத்தையும் உங்களிடம் தள்ளுகிறாள். முகம் பளிச்சென்று இருக்கிறது. நெசவாளி இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தில் மட்டும் ஒரு கை.

யார் கைம்மா இது என்று கேட்க உங்களுக்கு வாய் வருகிறது. கேளுங்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். இந்தக் கதையின் முதல் பக்கத்தில், காலம் உறைவதற்கு ஒரு வரி முன்னால், இடப்பக்கமிருந்து ஒரு கை வந்து நாடாவை வாங்கிக்கொண்டது. பெரியவரைக் கேலி செய்தேன், சுருக்கத்தைக் கேலி செய்தேன், ஒளிக்கற்றைக்குப் புகை போட்டது வரைக்கும் கண்டுபிடித்துச் சொன்னேன். அந்தக் கை யாருடையது என்று நான் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

துர்காதேவி ஜன்னலில் நிற்கிறாள். ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது.